வாளி நேரில் வந்தாள்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். மிஸ்ஸுக்கும் அவள் நாத்தனாருக்கும் அந்தத் திறமை தாராளமாகவே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான். இருவரும் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். புருஷனோடு இனி ஒத்துவராது என்று இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த நாத்தனார், கையிலிருந்த துண்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் இங்க இருக்கறது உனக்குப் பாரமா இருக்கா?"

'இல்லை' என்று சொல்லத்தான் மிஸ் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, நாத்தனாருக்காக ஒழித்துக்கொடுத்த தன் வேலை அறையும், வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போய்விட்ட தன் மேஜையும் நினைவுக்கு வந்து தொலைத்தன. சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாத்தனார் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. துண்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து மிஸ்ஸின் கணவன்தான் இருவருக்கும் இடையில் தபால்காரன். தொழிலில் அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. இப்போது அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே அவனே மாட்டிக்கொண்டு, எடுத்துவிட ஆளில்லாமல் நின்றான்.

இந்தச் சனிக்கிழமை காலையில் மிஸ்ஸுக்கு அந்தக் கவலைக்கெல்லாம் நேரமில்லை. வாளி வரப் போகிறாள்.

மிஸ் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது, மணியும் கிடையாது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படிக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற ஆலோசகர் அவள். பிள்ளைகள் 'மிஸ், மிஸ்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வாளி அவளுடைய மாணவிகளில் ஒருத்தி. பள்ளியில் சேர்ந்த அன்று முகத்துக்குப் பதிலாக ஒரு சிவப்பு வாளியின் படத்தைப் போட்டுவிட்டாள். மூன்று வருடமாக அதை மாற்றவே இல்லை, அதுவே அவள் பெயராகிவிட்டது. அப்பா தூர்வாரும் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறதோ, குடும்பமும் பின்னாலேயே போகும். அதனால்தான் ஆன்லைன் பள்ளி.

அவள் கேட்டிருந்த படிப்பு, கடலுக்கு அடியில் இருக்கும் தரையை அளந்து வரைபடம் போடுகிற படிப்பு. இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மதிப்பெண் பாதி, நேர்முகத் தேர்வு பாதி. மதிப்பெண்ணில் அவளை அசைக்க முடியாது. நேர்முகம் இன்றைக்குப் பிற்பகல், இதே ஊரில். இன்று விட்டால் இந்தப் படிப்பு அவளுக்கு இல்லை.

மிஸ் கவலைப்படவில்லை. திரை வழியாக எத்தனையோ முறை பயிற்சி கொடுத்தாகிவிட்டது. துறைமுகத்தில் நெட் மோசம் என்பதால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வந்தால் பதில் முத்து முத்தாக இருக்கும். முதல் வகுப்பிலேயே கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் பெரிய இடைவெளி விழுந்ததைப் பார்த்து, "கேமராவை அணைச்சுடும்மா, குரலாவது தடையில்லாம வரட்டும்" என்று சொன்னதே மிஸ்தான். மற்ற ஆசிரியர்களிடமும் அவளே சொல்லிவைத்திருந்தாள், அந்தப் பெண்ணுக்கு நெட் மெதுவாக வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பருமனான ஒரு மனிதர், இரவு முழுக்க பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையோடு. அவர் பின்னால் உயரமான ஒரு பெண். மிஸ் ஆவலோடு அவளைப் பார்த்து, "வாம்மா, நீதானே?" என்றாள்.

அந்தப் பெண் மிஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். பஸ் எங்கே நின்றது, ஓட்டுநர் எப்படித் தூங்கி வழிந்தார், மகள் வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தது எல்லாவற்றையும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்தார். எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"ஆமா மிஸ். நான்தான் வாளி."

மிஸ் சிரித்தாள்.

சாப்பிட வைத்துவிட்டு உடனே பயிற்சியை ஆரம்பித்தாள். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டாள். திரையில் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி. வாளி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பொறுக்க மாட்டாமல் தானே பதில் சொன்னார். அடுத்த கேள்வி. அதற்கும் அப்பாதான். நேர்முகத் தேர்வு அவருக்கு நடந்திருந்தால் கட்டாயம் இடம் கிடைத்திருக்கும்.

மிஸ் கணவனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் புரிந்துகொண்டு, ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் மோட்டார் முனகுகிறது, இன்ஜின் தெரிந்தவர் வந்து ஒரு பார்வை பார்த்தால் தேவலை என்று சொல்லி அப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனான். இரண்டு பேரும் படியிறங்குவதற்குள் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

அப்பா போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று மிஸ் நினைத்தாள். ஆகவில்லை. கேள்வி கேட்டால் அதே மௌனம். காத்திருந்தால் பதில் வந்தது, நல்ல பதிலாகவே வந்தது. ஆனால் அதற்குள் எதிரே இருப்பவருக்கு மூச்சு முட்டிவிடும்.

"என்னம்மா, பயமா இருக்கா? அங்க நெட் மோசமா இருந்தப்பகூட நல்லாப் பேசினியே."

வாளி யோசித்தாள். "எங்க வீட்டு நெட் நல்லாத்தான் இருக்கு மிஸ். டவர் எங்க ஜன்னல்லயே தெரியும்."

மிஸ்ஸுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மூன்று வருடமாக நெட் மோசம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாளே, அது நெட் இல்லை. இந்தப் பெண் யோசிக்கிற நேரம் அது. கேமரா இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதையும் அணைக்கச் சொன்னது அவளேதான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்தீங்க மிஸ்." கொஞ்ச நேரம் கழித்து மீதியும் வந்தது. "அது நல்லா இருந்துச்சு."

மிஸ்ஸுக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மூன்று வருடப் பிழையை மூன்று மணி நேரத்தில் சரிசெய்துவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். அடுப்படியிலிருந்து அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மணி அடிப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். கேள்விகளைச் சரமாரியாகக் கேட்டாள்.

நிலைமை மோசமானது. வாளி தப்பித்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ஆமா மிஸ் சொல்ல ஆரம்பித்தாள். உனக்குக் கணக்கு பிடிக்காதா என்றால் ஆமா மிஸ். படிப்பை நடுவில் விட்டுவிடுவாயா என்றால் அதற்கும் ஆமா மிஸ். அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. மிஸ் கடிகாரத்தை எடுத்துத் துணிக்கூடைக்குள் போட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு இப்போது தேவை அன்பான மிஸ் இல்லை. முன்பின் தெரியாத, முகத்தில் சிரிப்பே காட்டாத ஒரு ஆள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டே பழக்கப்பட்ட ஆள். ஊரில் அப்படி ஒருத்தரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோப்புத் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி ஒருத்தி, விடுமுறை நாளும் அதுவுமாக, மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மிஸ் அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாள். தட்டப் போன கை இரண்டு தடவை கீழே இறங்கியது. மூன்றாவது தடவை தட்டிவிட்டாள். தன் கோபத்தைவிட வாளியின் படிப்பு பெரிது.

"அண்ணி, ஒரு உதவி வேணும். எனக்கில்ல, அந்தப் பொண்ணுக்கு."

கதவு திறக்க நேரமாகவில்லை. நாத்தனார் மிஸ்ஸைத் தாண்டி ஹாலைப் பார்த்தாள். ஒட்டுக் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சட்டை மாத்திட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸ் உடுப்பு, கண்ணாடி, கையில் பேனா. வந்து வாளிக்கு எதிரே உட்கார்ந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். மிஸ்ஸுக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

"கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு அளந்து யாருக்கு என்ன லாபம்?"

வாளி தலையைக் குனிந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. நாத்தனார் பேனாவை மூடினாள்.

"அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு" என்று எழுந்தாள். தன் ஆபீஸில் இப்படித் தலையைக் குனிந்து உட்கார்ந்தவர்களை, பதில் தெரியாது என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டு எத்தனையோ முறை அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். கல்லூரியிலும் அதுதான் நடக்கும், பொய் ஆசை காட்டுவதில் அர்த்தமில்லை என்றும் சொன்னாள். மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. உதவி கேட்டதே தப்போ என்று நினைத்தாள். நாத்தனார் தன் அறைக் கதவுவரை போய்விட்டாள்.

"எங்க அப்பா கப்பல் வாரிப் போடற மண்ணு மறுபடி வந்து மூடிக்குது."

நாத்தனார் கதவின்மேல் வைத்த கையோடு திரும்பினாள். வாளி தரையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் துறைமுகம் போனாலும் இதேதான். வாரறாங்க, மூடிக்குது, மறுபடி வாரறாங்க. அது எங்கேருந்து வருதுன்னு யாரும் கீழ போய்ப் பாக்கல. நான் பாக்கணும். அது தெரிஞ்சா வழியை மறிச்சுடலாம். அப்பா வீட்டுக்கு வந்துடலாம்."

நாத்தனார் மெதுவாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அழுக்கே இல்லாத கண்ணாடியை. தான் எழுப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் வெளியே படியிறங்கும்போது பதிலைக் கையில் வைத்திருந்தார்களோ என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. நேரே வேலைக்கு வந்தாள்.

"உன்னை வேகமாப் பேச வைக்க யாராலயும் முடியாது. வேண்டவும் வேண்டாம். ஆனா நீ சும்மா இருக்கும்போது தரையைப் பாக்கற. அப்படிப் பாத்தா பதில் தெரியலன்னுதான் யாருக்கும் தோணும். என் மூஞ்சியைப் பாரு. யோசிச்சுச் சொல்றேன்னு முதல்லயே சொல்லிடு. சொல்லிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

மிஸ் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம். அதற்கு யோசிக்க வேண்டாம், வாயில் எப்போதும் தயாராக இருந்தால் போதும். பிறகு கிளம்பும் நேரம்வரை இரண்டு பெண்களும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். ஒருத்தி கேட்கும்போது இன்னொருத்தி, 'தலை, தலை' என்று ஞாபகப்படுத்தினாள். வாளி தலையை நிமிர்த்தி, யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தபடி யோசிக்கப் பழகினாள். நாத்தனாருக்குக் காத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மிஸ் அந்தப் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

பிற்பகல் கல்லூரிக்கு எல்லாரும் ஒரே காரில் போனார்கள். நேர்முகம் நடக்கும் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சுகள். பையன்களும் பெண்களும் வாய்க்குள் முணுமுணுத்தபடி நடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். வாளியைக் கூப்பிட்டதும் அப்பாவும் கூடவே எழுந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர் தோளில் கை போட்டு, காபி குடிக்கலாம் வாங்க என்று கீழே அழைத்துப் போனான்.

பெஞ்சில் மிஸ்ஸும் நாத்தனாரும் மட்டும் இருந்தார்கள். நடுவில் நாத்தனாரின் கைப்பை.

கதவு மூடியே இருந்தது. உள்ளே போன மற்றவர்கள் எல்லாம் சீக்கிரமே வெளியே வந்திருந்தார்கள். நேரம் ஆக ஆக, அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று மிஸ்ஸுக்குப் புரியவில்லை.

நாத்தனார் கதவைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ பதில் சொல்றதுக்குள்ள எழுந்து போயிட்டேன்."

மிஸ் தலையசைத்தாள்.

"இப்பக் கேக்கறேன். நான் இங்க இருக்கறது உனக்குப் பாரமா இருக்கா?"

"சேச்சே" என்று நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு இணக்கமாகப் போன நாளில் அதைச் சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் காலையிலிருந்து ஒரு பெண்ணை உண்மையான பதிலுக்காகக் காத்திரு என்று பழக்கிவிட்டு, தான் மட்டும் கைக்கு வந்த பதிலை எடுத்து நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணி."

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. வந்தது வாளி இல்லை, அலுவலக உதவியாளர். இந்தப் பெண்ணின் பள்ளியிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். மிஸ் எழுந்து உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், அவர்தான் தலைவர். இந்தப் பக்கம் வாளி, தலை நிமிர்ந்திருந்தது. தலைவர் அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. பெண் சொல்கிற பதில்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் வகுப்பில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை, மூன்று வருடம் இவளோடு பேசியவர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள், இவள் ஈடு கொடுப்பாளா என்று கேட்டார்.

கட்டாயம் கொடுப்பாள் என்று அடித்துச் சொல்லிவிடலாம். எல்லா ஆலோசகரும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்வது அதுதான். மிஸ் அதைச் சொல்லவில்லை. தலைவர் அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். நெட் மோசம் என்று நினைத்ததை, கேமராவை அணைக்கச் சொன்னதை, இன்று காலையில்தான் உண்மை தெரிந்ததை. சொல்லும்போது காது மடல் சுட்டது. தன் வேலைக்கு இது நல்லதில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"வேகத்துல ஈடு கொடுப்பாளான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா மூணு வருஷமா இவளுக்காக நாங்க எல்லாரும் காத்திருந்திருக்கோம், காரணம் தெரியாமலே. ஒரு தடவைகூட அது வீணாப் போனதில்ல."

பக்கத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். தலைவர் அம்மாள் வாளியின் பக்கம் திரும்பினார். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தமாதிரி மிஸ்ஸுக்குப் பட்டது.

"ஏம்மா, நான் பாடம் நடத்தும்போது நீ கையைத் தூக்கிட்டு யோசிப்பியா, யோசிச்சுட்டுக் கையைத் தூக்குவியா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் வாளி.

தலைவர் அம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்த இருவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். நீங்கள் போகலாம் என்று மிஸ்ஸுக்கு உதவியாளர் கையைக் காட்டினார்.

மிஸ் வெளியே வந்தாள். முடிவு திங்கட்கிழமைதான் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேனாக்களும் மேஜைமேல் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அது போதும் என்று இருந்தது.

நாத்தனார் அதே பெஞ்சில், அதே இடத்தில் இருந்தாள். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கைப்பையை மிஸ்ஸின் இடத்தில் வைத்திருந்தாள். மிஸ் வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே என்ன ஆயிற்று என்று அவள் முதலில் கேட்பாள் என்று மிஸ் எதிர்பார்த்தாள்.

"அவசரமில்ல" என்றாள் நாத்தனார். "யோசிச்சியா?"

மிஸ் உட்கார்ந்தாள். யோசித்து முடித்திருந்தாள்.

"எனக்கு அந்த ரூம் வேணும் அண்ணி. நீங்களும் வேணும்."

கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதிலோடு நிற்கிற நாத்தனார், வாயைத் திறந்தாள், மூடினாள். மடியிலிருந்த பையின் வாரைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். அவள் கண்கள் நிறைந்துகொண்டு வந்தன. பதில் வரவில்லை.

மிஸ் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.